எஞ்சின் இல்லாத வண்டி

1

செப்டம்பர் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை காலை, மருத்துவமனையின் இரண்டாம் மாடி எலும்புப் பிரிவில், சன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த ஒரு பேருந்து ஓட்டுநரின் வலது முழங்காலுக்குள் ஐந்து மில்லி வைரஸ் நீர் ஊசி வழியாகச் செலுத்தப்பட்டது.

இந்த வாக்கியம் ஒரு செய்தியின் முதல் வரியாக எழுதப்பட்டது. செய்தி ஆசிரியர் முழுவதையும் படித்துவிட்டு, "கால் பொழைச்சுதா இல்லையா? அதைச் சொல்லாம இது என்ன செய்தி?" என்று கேட்டார். அப்போது யாரிடமும் பதில் இல்லை. செய்தி கிடப்பில் போடப்பட்டது. பதில் வந்தபோது, அது செய்திக்குப் பொருந்துகிற பதிலாக இல்லை. இந்தக் கதை அந்தக் கிடப்பிலிருந்து எழுந்து வந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பு எதுவும் இதற்கு இல்லை.

வாசகர் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டி, வண்டியில் ஒரு கீறல்கூட விழவிடாத மனிதர், தன் வீட்டுக் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். முழங்கால் நொறுங்கியது. உலோக மூட்டு வைத்தார்கள். அந்த உலோகத்தின்மேல் ஒரு பாக்டீரியா குடியேறியது. பச்சையாகச் சீழ் வைக்கிற வகை. ஆய்வகத் தட்டில் வளர்த்தால் திராட்சைப் பழ வாசம் அடிக்கும். கொடுத்த மருந்து எதற்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. மிச்சமிருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிடுவது. மற்றது, அந்த பாக்டீரியாவை மட்டும் கொல்கிற, மனித உடம்பைத் தொடாத ஒரு வைரஸை உள்ளே அனுப்பிப் பார்ப்பது. இரண்டாவதை முதலில் முயன்றார்கள்.

2

கதைக்கு முதலில் எழுதிய தொடக்கம் இது:

[வைரஸ் படை திரண்டு புறப்பட்டது. இருண்ட மூட்டுக்குள் தன் எதிரியைத் தேடி அது பாய்ந்து—]

இதைப் படித்துவிட்டுச் சிரித்தவர், அந்த வைரஸை வளர்த்துக் கொடுத்த ஆய்வாளர். மருத்துவமனையின் பின்கட்டில் உள்ள நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை. அங்கே அவருக்குப் பெயர் புள்ளியக்கா. பாக்டீரியா பாலாடைபோலப் படர்ந்திருக்கும் தட்டில், ஒரு வைரஸ் இறங்கித் தின்ற இடம் மட்டும் தெளிந்து, கண்ணாடிப் புள்ளியாகத் தெரியும். ஒரு புள்ளி என்றால் ஒரு வைரஸ் உயிரோடு இருந்தது என்று கணக்கு. அந்தப் புள்ளிகளை எண்ணுவதிலேயே தலை நரைத்தவர் என்பதால் உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர்.

"படையும் இல்ல, தேடவும் இல்ல," என்றார். "அதுக்கு நீந்தக்கூடத் தெரியாது. சும்மா மெதந்துகிட்டே இருக்கும். எதுலயாவது முட்டும். முட்டுன எடம் அதோட பிடிக்குப் பொருந்துனா ஒட்டிக்கும். ஒட்டுன உடனே உள்ள வச்சிருக்கிறதெல்லாம் எறக்கிடும். ஒரே ஒரு தடவதான். அப்புறம் அது வெறும் கூடு."

இரண்டாவது தொடக்கத்தில் அவர் அழுதார்.

[ஆய்வக மேசையில் தலை கவிழ்ந்து, கையுறை அணிந்த விரலால் கண்களைத் துடைத்தபடி—]

"கையுறையோட கண்ணத் தொடுறதா? என் வேலைக்கே உலை வச்சிடுவீங்க போலிருக்கே. அப்புறம், நான் எங்க அழுதேன்?"

உண்மைதான், அவர் அழவில்லை. களைத்திருந்தார். அழுகிறவளை எழுதுவது சுலபம். கண்ணீர் தானாக வாக்கியத்தை நடத்திச் செல்லும். களைப்புக்கு அப்படி ஓர் அடையாளம் இல்லை. களைத்தவர்கள் தட்டுகளை அடுக்குகிறார்கள், விளக்கை அணைக்கிறார்கள், மறுநாள் வந்து விளக்கைப் போடுகிறார்கள்.

செய்தியில் அவரை 'அவர்' என்றே எழுதியிருந்தேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டார். பக்கத்தில் போனால் நம் கதைகளில் மரியாதை ஒரு படி இறங்கிவிடுகிறது. பரவாயில்லையா என்று கேட்டேன். "எப்படி வேணா கூப்பிடுங்க, புள்ளி எண்ணிக்கைய மட்டும் கூட்டிக் கொறைச்சு எழுதாதீங்க," என்றார். ஆகவே இனி அவள்.

3

முதல் ஊசி வேலை செய்தது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. காய்ச்சல் இறங்கியது. மூட்டிலிருந்து குழாய் வழியாக வடிந்த சீழ் பச்சை மங்கி வெளிறியது. ஓட்டுநரின் மனைவி விசாரித்துக்கொண்டு பின்கட்டுக்கே வந்துவிட்டாள். கதவுக்கு வெளியே நின்று, "டாக்டரம்மா" என்று கூப்பிட்டாள்.

தான் வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள் மட்டுமே என்று புள்ளியக்கா விளக்கினாள்.

"மாத்திர எழுதாத டாக்டர்தானே? அப்ப நீங்கதான் நல்ல டாக்டர்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போய்விட்டாள். அந்த ஒரு வாரம் ஆய்வகத்தில் எல்லோரும் புள்ளியக்காவை 'நல்ல டாக்டர்' என்று கூப்பிட்டார்கள்.

பிறகு காய்ச்சல் திரும்பி வந்தது. இரண்டாவது ஊசியில் வைரஸைப் பத்து மடங்கு கூட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதில் அதற்கும் மேல் பத்து மடங்கு. சீழ் பழைய பச்சைக்கே போனது. எலும்பு டாக்டர் வியாழக்கிழமைக்கு அறுவை அரங்கைக் கேட்டு வைத்தார். காலை எடுப்பதற்கு.

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் வசதி. எலும்பு டாக்டரை வைத்து முயன்று பார்த்தேன்.

[எலும்பு டாக்டர் ஏளனமாக உதட்டைச் சுழித்து, "உங்கள் வைரஸ் வித்தையெல்லாம்—"]

அவர் உதட்டைச் சுழிக்கவில்லை. மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு நடைபாதையில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். செருப்பில் ஒரு காலை மட்டும் நுழைத்திருந்தார். தணிந்த குரலில்தான் சொன்னார்: "மேடம், நானும் எவ்வளவோ பொறுத்துட்டேன். இனிமே காலைப் பார்த்துகிட்டிருந்தா ஆளைப் பார்க்க முடியாது."

அவளால் மறுக்க முடியவில்லை. பாக்டீரியா வைரஸுக்குப் பழகித் தப்பித்துவிட்டது என்றுதான் அவளும் நினைத்தாள். அப்படி நடப்பது உண்டு. உறுதிப்படுத்திக்கொள்ள, முழங்காலிலிருந்து எடுத்த பாக்டீரியாவைத் தட்டில் பரப்பி அதே வைரஸை விட்டாள். மறுநாள் காலை தட்டு முழுக்கப் புள்ளிகள். பாக்டீரியா பழகவில்லை. பழையபடியே செத்தது.

அதே பாக்டீரியா, அதே வைரஸ். தட்டில் சாகிறது, முழங்காலில் சாகவில்லை.

4

மூட்டில் தேங்கியிருந்த நீரில் கொஞ்சம் வாங்கிவந்து நுண்வடிகட்டியில் வடித்தாள். உயிருள்ள பாக்டீரியா ஒன்றுகூட அந்த வடிகட்டியைத் தாண்டாது. வடிந்த நீரில் வைரஸைக் கலந்து சிறிது நேரம் வைத்து, பிறகு எத்தனை மிச்சம் என்று தட்டில் விட்டுப் பார்த்தாள். நூற்றுக்கணக்கில் இருக்கவேண்டிய புள்ளிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன. பாக்டீரியாவே இல்லாத தண்ணீர், வைரஸை விழுங்கியிருந்தது.

ஓட்டுநரின் உடம்பு வைரஸுக்கு எதிராகப் புரதம் சுரந்திருக்கலாம். அதுதான் காரணமென்றால் கொதிக்க வைத்தால் கெட்டுவிடும். கொதிக்க வைத்தாள். திரிந்து கெட்டியானதைச் சுழற்றி ஒதுக்கிவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்துச் சோதித்தாள். கொதித்த நீரும் விழுங்கியது.

அடுத்த சோதனைக்குப் புதிய பாக்டீரியா வேண்டும். அது வளர்ந்திருந்த குழாயைச் சுழலியில் வைத்துச் சுற்றி, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேல் தண்ணீரைக் கொட்டி, உப்பு நீர் ஊற்றி, மறுபடி சுற்றி, மறுபடி கொட்டினாள். தினமும் செய்வது. மூன்றாவது முறை கொட்டக் குழாயைச் சாய்த்தவள் அப்படியே நின்றாள். இதை எதற்காகச் செய்கிறோம்?

படிக்கிற காலத்தில் யாரோ சொல்லிக் கொடுத்தது. பாக்டீரியா செத்து வெடித்தால் அதன் மேலுறை துண்டு துண்டாக மிதக்கும். வைரஸ் பிடித்துக்கொள்கிற இடங்கள் அந்தத் துண்டுகளிலும் அப்படியே இருக்கும். பொருத்தத்தைத் தவிர வைரஸுக்கு வேறொன்றும் தெரியாது. எதிரில் இருப்பது உயிரோடு இருக்கிறதா, செத்ததா என்று அது பார்ப்பதில்லை. ஒட்டும், உள்ளே உள்ளதை வெறுமைக்குள் இறக்கும், தீர்ந்துபோகும். எண்ணிக்கை தப்பாகும். ஆகவே கழுவு. கழுவிக் கழுவி அது கைப்பழக்கம் ஆகிவிட்டது. காரணம் மறந்துபோனது. செய்முறைத் தாளில்கூட யாரும் எழுதுவதில்லை; பாத்திரத்தைக் கழுவிவிட்டு அடுப்பில் வைக்கவும் என்று சமையல் குறிப்பில் எழுதாததுபோல.

ஆய்வகத்திலிருந்து கட்டிலுக்கு எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தன: வைரஸ், அளவு, குளிர்பெட்டி, ஊசி. கழுவுதல் மட்டும் போகவில்லை. முழங்காலை யாரும் கழுவவில்லை. முதல் ஊசி கொன்றவற்றின் உடைசல்கள் அத்தனையும் மூட்டுக்குள் தேங்கி, அடுத்த ஊசியின் வைரஸை மறித்துக்கொண்டன.* தப்பித்துப் போன சில வைரஸ்கள் சில பாக்டீரியாக்களைக் கொன்றன. அவையும் உடைசலாகி அடுத்து வந்தவற்றை மறித்தன.

* உயிரோடு இருக்கிற பாக்டீரியாக்களும் சும்மா இருப்பதில்லை. மேலுறையிலிருந்து சிறு கொப்புளங்களை உதிர்த்துவிட்டுக்கொண்டே இருக்கும். அவற்றிலும் வைரஸ் ஏமாந்து ஒட்டும். இதைத் தந்திரம் என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை அடித்துவிட்டாள். "தோல் உரியறதெல்லாம் தந்திரமா?"

இங்கே கதையை நிறுத்தி ஒன்று சொல்லவேண்டும். மேலே அடைப்புக்குறிகளுக்குள் கிடப்பவை செத்த வாக்கியங்கள். வழக்கமாக அவற்றைக் கழுவிவிட்டுத்தான் கதையை வெளியே விடுவேன். ஏன் என்று நினைத்துப் பார்த்ததில்லை. இந்த முறை கொட்டாமல் விட்டிருக்கிறேன். உங்கள் மனதில் கொஞ்சம் அந்தப் பாய்ந்த படையிலும், கொஞ்சம் அழுத ஆய்வாளரிலும், கொஞ்சம் உதட்டைச் சுழித்த டாக்டரிலும் இறங்கிப்போயிருந்தால், இனி வரப்போகிற கட்டிலுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

5

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் இரண்டாம் மாடிக்கு ஏறினாள். இத்தனை வருடத்தில் நோயாளி ஒருவரின் கட்டில்வரை போனது அதுவே முதல் தடவை. முதலில் எலும்பு டாக்டரிடம்தான் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். மூட்டைத் திறந்து நன்றாக அலசலாம், முடியாத காரியம் இல்லை என்றார். ஆனால் மறுபடி மயக்கம் கொடுக்கவேண்டும், மூட்டு வைக்கவும் சீழ் எடுக்கவுமாக ஏற்கெனவே இரண்டு தடவை திறந்த கால், ஆளும் நொந்துபோயிருக்கிறார். "அவர் சரின்னா வியாழக்கிழமை அரங்கு இருக்கு. எதுக்குங்கிறத அவரே சொல்லட்டும்."

ஓட்டுநர் மேற்கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். மனைவி துண்டு ஒன்றை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். புள்ளியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். கழுவ மறந்ததையும் சொன்னாள்.

"அப்ப மொத ஊசி ஜெயிச்சதாலதான் மத்ததெல்லாம் தோத்துச்சா?" என்றார் ஓட்டுநர்.

"அப்படித்தான் நினைக்கிறேன் அண்ணே."

அவர் கூரையிடமே சொன்னார்: "எங்க டிப்போ வாசல்ல ஒரு பழைய வண்டி நிக்கும். எஞ்சின எறக்கி வேற வண்டிக்கு மாட்டிட்டாங்க. முன்னாடி போர்டு மட்டும் கழட்டல. அதே ரூட்டு நம்பர். தெரியாத ஜனம் ஏறி, சன்னல் சீட்டா பார்த்து, பைய மடியில வச்சுகிட்டு உக்காந்திருக்கும். நாங்க போய் எறக்கி விடுவோம்."

"அதேதான். ஆனா இதுல ஏறுனவங்கள எறக்க முடியாது."

"கழுவுனா?"

"அந்த வண்டிய இழுத்து வெளிய விட்ட மாதிரி. அதுக்கப்புறம் வர்றவங்க நெசமான வண்டியில ஏறலாம்."

"கழுவுனா கால் பொழைச்சுடுமா?"

"தெரியாதுண்ணே."

அவர் முதல்முறையாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். "இந்த ஆஸ்பத்திரியில தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்." கோபமாகச் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "எடுத்துடச் சொல்லுங்கம்மா. வலி பழகிடுச்சு. ஒவ்வொரு ஊசிக்கும் சரியாயிடும் சரியாயிடும்னு நினைக்கிறேன் பாருங்க, அதுதான் முடியல. நினைக்கிறதே ஒரு டூட்டி மாதிரி ஆயிடுச்சு."

அவளுக்கு அந்தக் களைப்பு புரிந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாள். நாற்காலியின் பிடியில் கை வைத்தும்விட்டாளாம்.

மனைவி துண்டைக் கட்டில் கம்பியில் போட்டாள். "காலு உங்களுதுதான். யாரு இல்லங்கிறா. ஆனா எடுத்ததுக்கு அப்புறம் குளியலறைக்குத் தூக்கிட்டுப் போகப்போறது நானு. எனக்கும் இதுல ஒரு பேச்சு இருக்கு. கழுவச் சொல்லுங்க. நீங்க ஒண்ணும் நினைக்க வேணாம். அந்த டூட்டிய நான் பார்த்துக்கிறேன், நீங்க மயக்கத்துல தூங்குங்க."

ஓட்டுநர் மறுபடி கூரையைப் பார்த்தார். "இவ எப்பவும் இப்படித்தான்," என்றார் புள்ளியக்காவிடம். "வண்டி கெளம்புனப்புறம்தான் பெல் அடிப்பா."

"நிறுத்துனீங்களா இல்லையா?" என்றாள் மனைவி.

6

இதற்கு மேல் இரண்டு முடிவுகள் எழுதப்பட்டன.

முதலாவதில் முழங்காலைக் கழுவுகிறார்கள். நான்காவது ஊசி போடுகிறார்கள். மூட்டுக்குள் மறிக்க ஒன்றும் இல்லை. வைரஸ் வெல்கிறது. கடைசிக் காட்சியில் புள்ளியக்கா வேலை முடிந்து ஒரு பேருந்தில் ஏறுகிறாள்.

[கண்ணாடியில் அவளைப் பார்த்த ஓட்டுநர் மெல்லச் சிரித்து, கியரை மாற்றி—]

இரண்டாவதில் அவர் மனம் மாறவில்லை.

[போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைத் தடவிக்கொண்டே மனைவி, துண்டை மறுபடியும்—]

இரண்டையும் அவளிடம் காட்டினேன். ஆய்வகத்தின் வெளித் திண்டில் உட்கார்ந்து படித்தாள். எதில் கண்ணீர் வரும், எதில் கைதட்டல் வரும் என்பதைப்பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. "ரெண்டுலயும் எதனால ஆச்சுன்னு தெரிஞ்ச மாதிரி எழுதியிருக்கீங்க," என்றாள். "எனக்கே தெரியாது."

நடந்தது இப்படி. ஓட்டுநர் புதன்கிழமை சம்மதித்தார். வியாழக்கிழமை மூட்டைத் திறந்தார்கள். எலும்பு டாக்டர் உப்பு நீரைப் புட்டி புட்டியாக ஊற்றி அலசினார். திறந்த காலை இன்னொரு முறை திறக்க நேரக்கூடாது என்று நினைத்து, உலோக மூட்டையும் எடுத்துவிட்டு எலும்போடு எலும்பைப் பொருத்தினார். அன்றே புதிதாக வந்திருந்த ஒரு மருந்தையும் தொடங்கினார். மறுநாள் நான்காவது ஊசியும் போடப்பட்டது. காய்ச்சல் இறங்கியது. இந்த முறை திரும்பி வரவில்லை.

கழுவியதாலா? பாக்டீரியா குடியிருந்த உலோகம் போனதாலா? மருந்தாலா? வைரஸாலா? மருந்தை மட்டும் சில நாள் நிறுத்தி வையுங்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஏதோ ஒன்று தெரிந்திருக்கும். டாக்டரின் அறை வாசல்வரை போனாள். உள்ளே அவர் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். மேசையில் ஓட்டுநரின் எக்ஸ்ரே படம் கிடந்தது. எழுப்பவில்லை, தூக்கத்தைக் கெடுக்க மனம் வராமல் அல்ல. ஒரு மனிதனுக்கு இருப்பது ஒரே ஒரு வலது கால். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க முடியாது. திரும்பி வந்து தட்டுகளை அடுக்கினாள். பிறகு தட்டில் பலமுறை செய்து பார்த்துவிட்டாள். உடைசல் வைரஸை மறிக்கிறது என்று தட்டு ஒவ்வொரு முறையும் சொல்கிறது. முழங்காலில் என்ன நடந்தது என்று தட்டுக்குத் தெரியாது.

ஆகவே காரணத்தை உங்களிடம் விடுகிறேன். எனக்கு மனைவியின் பேச்சுதான் என்று எழுத ஆசை. அதற்கும் ஆதாரம் இல்லை. அடைப்புக்குறிகளுக்குள் கிடப்பவற்றையும் அப்படியே விடுகிறேன். வேண்டாதவர்கள் கழுவிக்கொள்ளலாம்.

7

ஆய்வகத்தின் செய்முறைத் தாளில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: முதலில் கழுவவும்.

ஓட்டுநரின் வலது கால் இருக்கிறது. முழங்கால் மடங்காது. பேருந்து ஓட்ட முடியாது என்பதால் டிப்போவில் வண்டிகளின் நேரம் குறிக்கும் அறையில் அவருக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். காலை நீட்டி வைத்துக்கொள்ள எதிரே இன்னொரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். வாசலில் நிற்கும் பழைய வண்டியின் போர்டைக் கழற்றச் சொல்லி அவர் மேலாளரிடம் கேட்டார். பிப்ரவரியில் கழற்றினார்கள்.